கனடா வளாகங்களில் பூர்வகுடிப் பொதுக்கலை: பணி கொடுப்போர் அனுபவப் பகிர்வு

திட்டமிடல் பக்கத்திலிருந்து

கலைஞரைத் தேடும் முன், மண் யாருடையது என்று பாருங்கள். வான்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் நிற்பது, மஸ்குவியம் என்ற பூர்வகுடி மக்கள் எந்த உடன்படிக்கையிலும் விட்டுக்கொடுக்காத நிலம். அங்கே 2017 ஏப்ரல் 1 அன்று எழுப்பிய நல்லிணக்கக் கம்பம் என்ற மரக் கம்பத்தைச் செதுக்கிய ஜேம்ஸ் ஹார்ட்டோ ஹைடா என்ற வேறொரு பூர்வகுடி இனத்தவர். இப்படி வரும்போது இரண்டு நடைமுறை சேர்கிறது: நிலத்துக்காரரின் இசைவு, செதுக்குபவரின் மரபு. முதலாவதை வாங்காமல் இரண்டாவதற்குப் போனால் வேலை பாதியில் நிற்கும்.

கலைஞர்களை அழைக்கும் அறிவிப்பில் "டோட்டம் கம்பம் வேண்டும்" என்று எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. குலச்சின்னங்களை அடுக்கிய நெடுங்கம்பம் ஹைடா, சிம்ஷியன் போன்ற, பசிபிக் கரையின் வடபகுதி மக்களுடையது. மஸ்குவியம் உள்ளிட்ட கோஸ்ட் சேலிஷ் மக்களின் மரபு வீட்டுத்தூண், அதாவது வீட்டைத் தாங்கும் செதுக்கிய தூண். அதே வளாகத்தில் 2016இல் நிறுவிய பிரென்ட் ஸ்பாரோ ஜூனியரின் தூண் இருதலைப் பாம்பின் கதையைச் சொல்கிறது. பாம்பு போன வழியில் முளைத்த செடியின் பெயர்தான் மஸ்குவியம் இனத்தின் பெயருமானது. இந்தக் கதையை எந்தத் தேர்வுக்குழுவும் உட்கார்ந்து யோசித்துக் கேட்டிருக்க முடியாது. ஆகவே வடிவத்தை எழுதாதீர்கள். இடம், உயர வரம்பு, மொத்தத் தொகை, யாருடைய இசைவு இருக்கிறது, இவை போதும்.

கணக்குப் பிரிவு

இறுதிச் சுற்றுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் மாதிரி வரையக் கட்டணம் கொடுங்கள். இலவசமாக வரைந்து காட்டச் சொன்னால் நல்லவர்கள் விலகிவிடுவார்கள். முன்பணம் குறைந்தது 30 சதவீதமாவது வேண்டும், ஏனென்றால் மரம் வாங்குவதே முதல் செலவு. பொறியாளர், அடித்தளம், கிரேன், விளக்கு ஆகியவற்றைக் கலைஞரின் தொகைக்குள் திணிக்காமல் தனித் தலைப்பில் வையுங்கள்.

எழுப்பும் நாளுக்கான பணம் தனி. சேலிஷ் மரபில் நடப்பதைப் பார்த்துப் பின்னாளில் எடுத்துச் சொல்லச் சாட்சிகளைப் பெயர் சொல்லி அழைப்பார்கள், அவர்களுக்கு நாணயம் கொடுப்பார்கள். முதியோருக்கான மரியாதைத் தொகையும் அன்றே கையில் சேர வேண்டும். "விற்பனையாளர் படிவம் நிரப்புங்கள், 45 நாளில் வரும்" என்று ஒரு பாட்டியிடம் சொல்வது அவமதிப்பு. ரொக்க அனுமதியை ஒரு மாதம் முன்பே வாங்கி வையுங்கள். விருந்திலும் கை வைக்காதீர்கள். விருந்தும் கொடையும் சேர்ந்த பொட்லாட்ச் சடங்கைக் கனடாவின் சட்டம் 1885 முதல் 1951 வரை தடை செய்திருந்தது. அதன் பிறகு ஒரு பல்கலைக்கழகம் சாப்பாட்டுச் செலவை வெட்டினால் அவர்கள் காதில் அது எப்படி விழும்?

மரம் பற்றி

கம்பத்துக்கான ரெட் சிடார் மரத்தைப் பச்சையாகவே செதுக்குவார்கள். காய்ந்தால் வாய்ச்சி இறங்காது. வெளிப்புறம் முதலில் காய்ந்து சுருங்குவதால் ஆழமான வெடிப்பு விழும். அதைத் தணிக்கத்தான் பல கம்பங்களில் முதுகுப் பக்கத்தைக் குடைந்து நடுமரத்தை எடுத்துவிடுகிறார்கள், எடையும் குறையும். அப்படியும் மெல்லிய வெடிப்புகள் வரும். அது பழுது இல்லை என்று வளாகப் பராமரிப்புத் துறைக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் யாராவது சிலிக்கோன் பசை பூசி அடைத்துவிடுவார்கள், உள்ளே நீர் தங்கி அழுகும்.

எடைக் கணக்கு: நல்லிணக்கக் கம்பம் சுமார் 17 மீட்டர். அந்த நீளத்தில் சராசரி 1 மீட்டர் குறுக்களவுள்ள கட்டை 13 கன மீட்டர் வரும். காய்ந்த சிடார் கன மீட்டருக்கு ஏறத்தாழ 370 கிலோ, ஆக 5 டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. பச்சை மரம் இதைவிட அதிகம். அந்த எடை தாங்காத நடைபாதை வழியாக லாரியைக் கொண்டுவரத் திட்டமிட்டால் கடைசி வாரத்தில்தான் தெரியவரும்.

அழுகல் தொடங்கும் இடங்கள் இரண்டு, தரைமட்டமும் உச்சியும். அடி கான்கிரீட்டைத் தொடாமல், நீர் வடிய இடம் விட்டு, பின்புறம் துருப்பிடிக்காத எஃகுத் தாங்கி கொடுங்கள். சாதாரண இரும்பு போல்ட் சிடாரில் கறுப்புக் கறை விடும். உச்சியின் வெட்டுமுகத்துக்கு உலோகத் தொப்பி போடலாமா என்பதைக் கலைஞரிடம் கேட்ட பிறகே முடிவெடுங்கள்.

ஒப்பந்தம்

பல்கலைக்கழகங்களின் வழக்கமான படிவத்தில் "தார்மீக உரிமைகளைத் துறக்கிறேன்" என்று ஒரு வரி இருக்கும்; தன் படைப்பைச் சிதைக்கவிடாமல் தடுக்கக் கலைஞருக்கு இருக்கும் உரிமை அது. கனடாப் பதிப்புரிமைச் சட்டப்படி அந்த உரிமையை விற்க முடியாது, துறக்க மட்டுமே முடியும். அதனால்தான் அந்த வரியைச் சேர்க்கிறார்கள். நீக்கிவிடுங்கள். 1982இல் டொரொன்டோவின் ஈட்டன் சென்டர் வணிக வளாகத்தில் கலைஞர் மைக்கேல் ஸ்னோவின் வாத்துச் சிற்பங்களுக்குக் கிறிஸ்துமஸ் ரிப்பன் கட்டியதை நீதிமன்றம் கழற்ற வைத்தது. பட்டமளிப்பு நாளில் தூணில் பேனர் கட்டுவோர் இதை நினைவில் வைக்கட்டும். ஆனால் இடமாற்றம் மட்டுமே சிதைப்பாகாது என்று அதே சட்டம் சொல்கிறது. எனவே கட்டடம் விரிவாக்கும்போது யாரைக் கேட்பது, யார் செலவு செய்வது என்று தனியாக எழுத வேண்டும்.

பதிப்புரிமை தனிமனிதரைத்தான் காக்கும். குலச்சின்னம் குடும்பத்துக்கும் குலத்துக்கும் உரியது, அந்தக் கூட்டு உரிமைக்கு அந்தச் சட்டத்தில் இடம் இல்லை. டி-சட்டை, குவளை, விளம்பரப் படம் எதற்கும் அவர்களின் தனி அனுமதி தேவை.

பராமரிப்பு பற்றி ஒரு சேர்க்கை

நல்லிணக்கக் கம்பத்தில் அறைந்த 68,000க்கும் மேற்பட்ட செப்பாணிகள் பூர்வகுடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளிகளில் இறந்த குழந்தைகளுக்கானவை. துப்புரவுப் பணியாளர்களுக்கு இதைச் சொல்லுங்கள். "அழுக்கு" என்று தேய்த்துவிடக் கூடாது. கம்பம் சாயும் காலத்தில் செப்பனிடுவதா, இயற்கையாக மண்ணோடு போக விடுவதா என்பதையும் தொடக்கத்திலேயே கலைஞரிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். உலகப் பாரம்பரியக் களமான ஸ்கங் குவாயில் ஹைடாக் கம்பங்கள் மெல்ல மண்ணுக்குத் திரும்புவதை அந்த மக்களே ஏற்றிருக்கிறார்கள். எல்லாரும் அப்படியே விரும்புவார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது.