வீட்டு இன்சூரன்ஸ் 2,039-லிருந்து 3,398: டெல்டா புயல் ஏரியா என்பதாலா?

கோரையாற்றங்கரை:
வீடு மன்னார்குடி பக்கம். 1,200 சதுர அடி கார்பெட் ஏரியா (வெளிச்சுவருக்கு உட்பட்ட பரப்பு). முன்கட்டு கான்கிரீட் மெத்தை, பின்கட்டு பழைய மங்களூர் ஓடு. திண்ணை, போர்ட்டிகோ தனி. பாரத் கிருஹ ரக்ஷா பாலிசிக்குப் போன வருஷம் ஜிஎஸ்டியோடு ரூ.2,039 கட்டினேன். இந்த வருஷ ரெனிவல் நோட்டீஸில் ரூ.3,398. க்ளெய்ம் எதுவும் வாங்கியதில்லை. கேட்டால், "கஜாவுக்கு அப்புறம் டெல்டா முழுக்கப் புயல் ஏரியா, எல்லாருக்கும் ஏறிடுச்சு" என்கிறார் ஏஜென்ட். கஜா அடித்தது 2018 நவம்பரில். அதற்கு இப்போதா ஏற்றுவார்கள்?

பழைய ஷெட்யூலில் (பாலிசி விவரத் தாளில்) கட்டடம் 24 லட்சம், பொருட்கள் 4.8 லட்சம். புதியதில் 40 லட்சம், 8 லட்சம். கம்பெனியை மாற்றுவதா, புயல் வெள்ளக் கவரை எடுத்துவிட்டுக் குறைக்கச் சொல்வதா?

வெட்டாறு:
ஏஜென்ட் சொல்றதை விடுங்க சார், உங்க நோட்டீஸ்லயே பதில் இருக்கு. பழைய மொத்தம் 28.8 லட்சம். வரியில்லாம பிரீமியம் 1,728. ஆயிரத்துக்கு 60 காசு. புது மொத்தம் 48 லட்சம், வரியில்லாம 2,880. அதுவும் ஆயிரத்துக்கு 60 காசுதான். ரெண்டுக்கும் மேல 18% ஜிஎஸ்டி. ரேட் அசையவே இல்ல. ஏறினது சம் இன்ஷூர்டு, அதாவது காப்பீடு செஞ்ச தொகை.

கம்பி, சிமென்ட், கொத்தனார் கூலி எல்லாம் சேர்ந்தும் ஒரே வருஷத்துல 24-ஐ 40 ஆக்காது. மனையோட சேர்த்து வீடு என்ன விலைக்குப் போகும்னு பார்த்து யாரோ போட்டிருக்காங்க. இந்தப் பாலிசி மண்ணுக்குக் காசு தராது. பழுது பார்க்கவோ திரும்பக் கட்டவோ ஆகுற செலவுதான் கணக்கு, சம் இன்ஷூர்டு அதுக்கு உச்சவரம்பு. மனை விலைக்கும் சேர்த்துப் பிரீமியம் கட்டினா அந்தப் பணம் வீண்.

கணக்கு இப்படிப் போடணும்: கார்பெட் ஏரியா × உங்க ஊர்ல இன்னிக்குக் கட்ட ஆகுற சதுர அடி விலை. 1,200 × 2,000 = 24 லட்சம், சரி. ஆனா திண்ணையும் போர்ட்டிகோவும் கார்பெட் ஏரியாவுல வராது. காம்பவுண்டு சுவர், கேட், செப்டிக் டேங்க், நிலையான தண்ணித் தொட்டி, சோலார் பேனல் எல்லாத்தையும் பாலிசி ‘வீட்டுக் கட்டடம்’னு ஏத்துக்குது. அதனால அதுக்குத் தனியா மதிப்புச் சேர்க்கணும். உதாரணத்துக்கு அதுக்கு 2.5 லட்சம்னு வைங்க: கட்டடம் 26.5, பொருட்கள் அதுல 20% அதாவது 5.3, மொத்தம் 31.8 லட்சம். அதே ரேட்டுக்கு வரியோட ரூ.2,251 வரும். பொருட்களுக்கு இந்த 20% தானா வர்றது, பட்டியல் கேக்க மாட்டாங்க. உச்சவரம்பு 10 லட்சம். நகைக்குத் தனியா எடுக்கணும்.

புயல் கவரை மட்டும் நீக்கிடாதீங்க. 1952, 1977, 2008 நிஷா, 2018 கஜானு வரிசையா வாங்கின கரை இது. அந்தக் கவரை நீக்கிட்டா மிச்சம் பெரும்பாலும் தீ விபத்துக்குத்தான் பாலிசி.

ரேட் பின்னாடி ஏறிடுமோன்னு பயமா இருந்தா நீண்டகாலப் பாலிசி கேளுங்க. 10 வருஷம் வரைக்கும் எடுக்கலாம். கட்டடத்தோட சம் இன்ஷூர்டு வருஷத்துக்கு 10% தானா ஏறும், அதுக்குக் கூடுதல் பிரீமியம் கிடையாது. பேங்க் லோன் இருந்தா ஒண்ணு கவனிங்க: பேங்க் எடுத்த பாலிசி லோன் பாக்கி அளவுக்கு மட்டும் இருக்கும் பல இடத்துல.

உப்பளக்காற்று:
அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பிரீமியம் பல மடங்கு ஏறியதாகச் செய்திகள் வருகின்றனவே, அந்த அலை இங்கே வராதா?

வெட்டாறு:
வரும், வேற வழியா. இங்க கம்பெனிங்க ஜிஐசி ரீ, வெளிநாட்டு ரீஇன்சூரர்கள்னு இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கே இன்சூரன்ஸ் தர்றவங்ககிட்ட ரிஸ்க்கைப் பிரிச்சுக் கொடுக்குது. அவங்க ரேட்டை ஏத்தினா நமக்கும் கசியும். அப்படி ஏறினா ஆயிரத்துக்கு 60 காசு 70 ஆகுறது ஷெட்யூல்லயே தெரியும். கோரையாற்றங்கரை சார் நோட்டீஸ்ல அது நடக்கல.

அங்கத்த கதையை இங்க அப்படியே போட்டுப் பார்க்க முடியாது. அங்க சூறாவளிச் சேதத்துல முதல் 2, 5, இல்ல 10 சதவீதம் வீட்டுக்காரர் தலையில. அதுவும் சேதத்துல இல்ல, வீட்டோட சம் இன்ஷூர்டுல. அங்க சாதாரண வீட்டு பாலிசியில வெள்ளம் வராது. அமெரிக்க மத்திய அரசோட வெள்ளத் திட்டத்துல தனியா எடுக்கணும், அதுக்கு வழக்கமா 30 நாள் காத்திருப்பு. நம்ம பாலிசியில புயல், வெள்ளம், சுனாமி, நிலநடுக்கம் எல்லாம் ஒரே கட்டு. அங்க கூரையைக் கம்பிப் பட்டை போட்டு இறுக்கினா பிரீமியத்துல தள்ளுபடி உண்டு. அது இங்க இல்லாதது குறைதான்.

மூணுகண் மதகு:
பிரீமியத்தை விட க்ளெய்மில்தான் டெல்டாக்காரர்கள் அதிகம் இழக்கிறார்கள். எங்கே அடிபடுகிறது என்று சொல்கிறேன்.

முதலில் விரிசல். நம் களிமண் கோடையில் வாய் பிளந்து, தண்ணீர் பட்டால் ஊதும். வெள்ளம் வடிந்த பிறகு சுவரில் மூலைக்கு மூலை கோடு விழுந்தால் ‘மண் இறங்கியது’ என்று க்ளெய்ம் போடுவார்கள். புதுக் கட்டடம் இயல்பாக உட்காருவது, தூர்த்த மண் அசைவது, ஆற்றரிப்பு, கடலரிப்பு, கட்டுமானக் குறை எல்லாம் அந்தப் பிரிவில் விலக்கு. வயலைத் தூர்த்து மனை போட்ட நகர்களில் இந்த வரிதான் கழுத்தைப் பிடிக்கும். வெள்ளம் நேரடியாக அடித்துச் சாய்த்த சுவர் வேறு. தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்ற கோடு சுவரில் காயும் முன் ஸ்கேலை வைத்துப் படமெடுங்கள்.

அடுத்தது மரம். விழுந்த மரத்தால் கட்டடத்துக்கு வந்த சேதத்துக்குக் கிடைக்கும், ‘மோதல் சேதம்’ என்ற பிரிவிலேயே மரம் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் தென்னைக்கு இழப்பீடு கிடையாது. அதற்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் காப்பீடு தனி. கூரை மேல் கிடக்கும் மரத்தை அறுத்து அகற்றும் செலவு இடிபாடு அகற்றுதலில் வரும், அது க்ளெய்ம் தொகையில் 2% வரைதான். 80,000 ரூபாய் க்ளெய்ம் என்றால் 1,600. அறுவை மிஷின்காரர் அந்தக் காசுக்கு எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்.

மூன்றாவது ஒழுகல். புயல் ஓட்டைத் தூக்கி அந்த வழியாக மழை இறங்கினால் சேதம் புயல் கணக்கு. ஓடு அப்படியே இருக்க, வருஷா வருஷம் ஒழுகுகிற கூரை ஒழுகியது என்றால் தேய்மானம் என்று தள்ளிவிடுவார்கள். இதற்கு மருந்து ஒன்றுதான்: புரட்டாசியில் ஓடு மாற்றி முடித்ததும் நான்கு பக்கமும் தேதியோடு படம்.

சேதம் ஆனவுடன் துடைப்பத்தை எடுக்காதீர்கள். முதலில் வீடியோ, பிறகு கம்பெனிக்குத் தகவல், அவர்கள் தரும் புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். உடைந்த ஓட்டை ஒரு மூலையில் குவித்து வையுங்கள், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் எண்ணிப் பார்ப்பார். மேலும் நனையாமல் தார்ப்பாய் போடுவது உங்கள் கடமை. போட்ட பில்லை வையுங்கள். புயலைச் சாக்காக வைத்துத் திருட்டு நடந்தால் 7 நாளுக்குள் நடந்தது மட்டும் கவர். காய்ந்த பிறகு கொத்தனாரிடம் மொத்தத் தொகையை எழுதி வாங்காதீர்கள். ஓடு எத்தனை, ரீப்பர் (ஓட்டைத் தாங்கும் மரச்சட்டம்) எத்தனை அடி, ஆள் எத்தனை நாள் என்று பிரித்து வாங்குங்கள். மொத்தத் தொகை எழுதினால் சர்வேயர் தன் கணக்குக்கு வெட்டுவார்.

மறுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால், சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரி). காரைக்காலும் அதே அலுவலகம். வழக்கறிஞர் வேண்டாம், கட்டணமும் இல்லை.

முகட்டோடு:
பின்கட்டுக்கு ஒரு வார்த்தை. காற்று ஓட்டை மேலிருந்து அமுக்குறதில்ல, உறிஞ்சித் தூக்குது. முதல்ல போறது இறவாணத்து (கூரையோட கீழ் விளிம்பு) வரிசை, முகட்டு வரிசை, ரெண்டு பக்க ஓரம். நடுவுல இருக்கிற ஓட்டைத் தொட வேண்டாம். ஓர வரிசை ஓட்டை ரீப்பரோட கம்பி போட்டுக் கட்டுங்க, முகட்டு ஓட்டைச் சிமென்ட் கலவையில உட்கார வைங்க. கூரையைத் தாங்குற கைமரம் சுவர்மேல சும்மா உட்கார்ந்திருந்தா ஓட்டைக் கட்டியும் பிரயோஜனமில்ல, மொத்தமா எழும்பும். கைமரத்தைச் சுவர்ல பதிச்ச பட்டையோட போல்ட் போடணும். மெத்தை மேல ஷீட் கொட்டகை இருந்தா ஷீட்டைப் பிடிச்சிருக்கிற ஜே ஹூக் வாஷரைப் பாருங்க. உப்புக்காத்துல துருப்பிடிச்சு ஷீட்டுல துளை பெருத்திருந்தா ஷீட் பட்டம்தான். பிளாஸ்டிக் டேங்கைப் புயலுக்கு முன்னாடி நிரப்பி வைங்க: 1,000 லிட்டர்னா ஒரு டன் பாரம், காலி டேங்க்னா அடுத்த தெரு.

கோரையாற்றங்கரை:
சம் இன்ஷூர்டைத் திருத்தச் சொல்லி மெயில் போட்டுவிட்டேன். பழைய ப்ரொபோசலை (விண்ணப்பப் படிவத்தை) எடுத்துப் பார்த்தால் கூரை என்ற இடத்தில் ‘ஆர்சிசி’, அதாவது கான்கிரீட் என்று மட்டும் இருக்கிறது. ஓட்டுக்கட்டு பற்றி ஒரு வரி இல்லை. விட்டுவிடலாமா?

மூணுகண் மதகு:
விடாதீர்கள். ‘பின்கட்டு இத்தனை சதுர அடி, மங்களூர் ஓடு, மரச்சட்டம்’ என்று எழுதி, படத்தோடு அனுப்பி, புது ஷெட்யூலில் அந்த வரி ஏறியதைப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். ரேட் கொஞ்சம் கூடினாலும் கூடட்டும். பழைய பாலிசி முடியும் தேதிக்குள் முடியுங்கள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போய், வங்கக்கடலில் சின்னம் உருவானதாக அறிவிப்பு வந்துவிட்டால் அதன்பிறகு புதிதாகப் பாலிசி வாங்குவது கஷ்டம்.