ஹெலிகாப்டர் ஷோ: எங்கே உட்காரணும், ஷட்டர் எவ்வளவு வைக்கணும்?

தும்பி:
ஞாயிற்றுக்கிழமை ஹெலிகாப்டர் ஷோவுக்குப் போறோம், நாலு வயசுப் பொண்ணும் வர்றா. கையில 70-300 லென்ஸ் இருக்கு. எந்தப் பக்கம் இடம் பிடிக்கணும்? ஷட்டர் ஸ்பீட் எவ்வளவு? குழந்தை சத்தம் தாங்குவாளா? நிகழ்ச்சி நிரல்ல ‘லூப்’னு (வானத்துல செங்குத்தா ஒரு முழு வட்டம் அடிக்கிறது) வேற போட்டிருக்காங்க. எல்லா ஹெலிகாப்டரும் அதைச் செய்யுமா?

காத்தாடி:
போனதும் மைதானத்துல காற்றுப்பையைத் தேடுங்க, காற்றுத் திசை காட்டக் கம்பத்துல கட்டியிருக்கிற துணிக்குழாய் அது. அதோட வாய் இருக்கிற பக்கத்துலேருந்துதான் காற்று வருது. வால் நீளுற பக்கம் உட்கார்ந்தா புழுதியும் வெட்டின புல்லும் முகத்துக்கே வரும். அதனால வாய்ப்பக்கம், சூரியன் முதுகுக்குப் பின்னால வர்ற மாதிரி உட்காருங்க. ரெண்டும் சேர்ந்து அமையலைன்னா சூரியன் முதுகுப் பக்கம் வர்ற இடத்தையே எடுத்துக்கோங்க, புழுதியைத் துடைச்சுக்கலாம். ரோட்டர், அதாவது மேல சுத்துற பெரிய விசிறி, கீழே தள்ளுற காற்று தரையில மோதிப் பக்கவாட்டுல ஓடும். விரிச்ச குடை, கட்டாத தொப்பி, கையை எடுத்த தள்ளுவண்டி எதுவும் நிக்காது. லென்ஸ் மாத்துற வேலையே வேணாம்.

ஷட்டர்வாசி:
1/1000 வைச்சீங்கன்னா பிளேடு உறைஞ்சு, நூல்ல கட்டித் தொங்கவிட்ட பொம்மை மாதிரி இருக்கும். கணக்கு இதுதான்: ரோட்டரோட நிமிடச் சுற்றை 6ஆல பெருக்குனா நொடிக்கு எத்தனை டிகிரின்னு வரும். அதை ஷட்டர் எண்ணால (1/125ன்னா 125) வகுத்தா, படம் எடுக்கிற நேரத்துல பிளேடு எத்தனை டிகிரி திரும்பிக் கலங்கும்னு தெரியும். பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் 258 சுற்று, 1/125ல 12 டிகிரி, 1/60ல 26. ராபின்சன் ஆர்44 ஏறத்தாழ 400 சுற்று, 1/125லயே 19 டிகிரி. எம்ஐ-26 அவ்வளவு பெருசு, ஆனா 132 சுற்றுதான், 1/60ல கூட 13 டிகிரிதான் கலங்கும்.

முதல்ல 1/250ல நாலு படம் பத்திரப்படுத்திட்டு 1/125, 1/80னு இறங்குங்க. 300 மிமீல 1/80 வைச்சா பாதிக்கு மேல ஆடித்தான் இருக்கும், அதுக்காக பர்ஸ்ட்ல (தொடர்ச்சியா) எட்டு பத்து எடுங்க. முழங்கையை விலாவோட ஒட்டிக்கிட்டு இடுப்புலேருந்து திரும்புங்க. நல்ல வெயில்ல ஐஎஸ்ஓ 100லயும் அப்பர்ச்சர் எஃப்/16க்கு மேல போய் படம் மழுங்கும். வெளிச்சத்தைக் குறைக்கிற என்டி ஃபில்டர் ஒண்ணு லென்ஸ் முன்னால மாட்டிக்கோங்க.

செவிலி:
நாலு வயசுக் காதுல இயர்பிளக் நிக்காது, பஞ்சு வைச்சும் பிரயோஜனமில்ல. தலைமேல மாட்டுற குழந்தைகளுக்கான இயர்மஃப் வாங்கி, வீட்டுலயே பத்து நிமிஷம் போட்டுப் பழக்குங்க. ஹெலிகாப்டர் இறங்கி வரும்போதுதான் அந்த ‘டப டப’ன்னு அறையுற ஒலி. முந்தின பிளேடு விட்டுட்டுப் போன சுழலை அடுத்த பிளேடு வெட்டுறதால வர்ற சத்தம். அதுக்கு முன்னாடியே மாட்டிவிடுங்க. நிறுத்தி வைச்சதைப் பக்கத்துல காட்டும்போது, மூக்குல நீட்டிக்கிட்டிருக்கிற சின்னக் குழாயைப் பிடிக்க விடாதீங்க. அது வேகம் அளக்குற பிட்டோ. ரோட்டர் முழுசா நிக்கிற வரைக்கும் கயிறு தாண்டாதீங்க, சுற்று குறையக் குறைய பிளேடு தாழ்ந்து தொங்கும்.

காத்தாடி:
லூப் கேட்டிருந்தீங்களே. பிஓ 105 மாதிரி கீல் இல்லாத, விறைப்பான ரோட்டர் உள்ளது அதுக்கு நல்லா ஆகும். ஆர்44 மாதிரி ரெண்டு பிளேடு சீசா போல ஆடுற வகையில எடையிழந்த நிலை வந்தா ரோட்டர் தலை தண்டையே இடிச்சு வெட்டிடும். அதனால அதை லூப்ல எதிர்பார்க்காதீங்க.