முப்பத்தைந்து நாட்கள், பதினொரு வீடுகள்: விடுமுறையை எப்படிப் பிரிப்பது?

கேள்வி

வெளிநாட்டில் வாழும் நாங்கள் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு இந்தக் கோடை விடுமுறையில் குடும்பத்துடன் ஊருக்குச் செல்கிறோம். மகளுக்கு எட்டு வயது. மகன் எட்டு மாதக் குழந்தை. கையில் இருப்பவை 35 நாட்கள். என் கணவருக்கு அவ்வளவு விடுப்பு இல்லை என்பதால் அவர் மூன்றாம் வாரமே திரும்பிவிடுவார். இரு பக்கத்து உறவினர்களையும் பட்டியலிட்டபோது பதினொரு வீடுகள் வந்தன. "எங்கள் வீட்டில் எத்தனை நாள்?" என்ற கேள்வி தொலைபேசியில் இப்போதே வரத் தொடங்கிவிட்டது. சென்ற முறை வீட்டுக்கு இரண்டு நாள் என்று சரிசமமாகப் பிரித்தோம். பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாகவே விடுமுறை கழிந்தது. யாருக்கும் மனக்குறை வரக்கூடாது என்று செய்த ஏற்பாட்டில் எல்லோருக்குமே மனக்குறை மிஞ்சியது.

இன்னொரு கவலையும் உண்டு. நாங்கள் பேசுவதெல்லாம் மகளுக்குப் புரிகிறது. ஆனால் பள்ளியில் பேசும் மொழியில்தான் பதில் சொல்கிறாள். வாரந்தோறும் நடக்கும் காணொளி அழைப்பில் என் தாயார் ஏதாவது கேட்டால், அவள் என் காதில் முணுமுணுப்பாள். அதை நான் திரைக்குச் சொல்வேன். நேரில் போன பிறகும் இப்படியே இருந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1

இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சென்றுவருகிறவள் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: முதல் வாரத்தில் யாருக்கும் எந்த நாளும் கொடுக்காதீர்கள். தூக்கத்தையும் விழிப்பையும் நடத்தும் உடல் கடிகாரம் பெரும்பாலானோருக்கு 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமானது. அதனால் நாளை நீட்டுவது அதற்கு எளிது, குறுக்குவது கடினம். கிழக்கு நோக்கிப் பறப்பவர்களுக்கு நாள் குறுகிவிடுவதால், உடல் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் நகர்ந்து கொடுக்கும். நேர வேறுபாடு எட்டு மணி என்றால் ஒரு வாரம் அதற்கே போய்விடும். அந்த வாரத்தில் குழந்தைகளை நான்கு வீடுகளுக்கு இழுத்துக்கொண்டு போனால், நாலு பேர் முன்னிலையில் அவர்கள் அழுவதையும் "பிள்ளைகளுக்குப் பிடிவாதம் அதிகம்" என்ற பெயரையும்தான் சம்பாதிப்பீர்கள்.

அந்தக் கண்விழிப்பு எங்களுக்கு ஒரு நன்மையும் செய்தது. சென்ற முறை என் மகன் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து, இருட்டில் பெட்டியின் சக்கரத்தைக் கூடத்தில் உருட்டிக்கொண்டிருந்தான். என் மாமியார் எழுந்து வந்தார். "எனக்கும் தூக்கம் வருவதில்லை" என்று சொல்லி, விளக்கைக்கூடப் போடாமல் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். ஐந்து இரவுகள் அப்படி நடந்தது. பகலில் ஒரு வீடு நிறைய உறவினர் நடுவே அவரிடம் ஒட்டாத பிள்ளை, அந்த ஐந்து இரவுகளில் ஒட்டிக்கொண்டான்.

நாட்களைப் பிரிப்பதற்கு வீடுகளின் எண்ணிக்கையைக் கணக்காகக் கொள்ளாதீர்கள். யாரால் பயணம் செய்ய முடியாது என்பதைப் பாருங்கள். நடமாட முடியாத முதியவர்களின் வீடுகளுக்கு நீங்களே போய்த் தங்குங்கள். மற்றவர்கள், இரு பக்கத்திலும் நீங்கள் தங்கும் ஒரு வீட்டுக்கு வந்து பார்க்கட்டும். இந்த முடிவை நீங்கள் அறிவிக்காமல் குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் வாயால் வரச் செய்வது நல்லது. இது சற்றுத் தந்திரம்தான். ஆனால் பலன் தரும்.

பதில் 2

நான் விமான நிலையத்தின் வெளிவாசலில் காத்திருக்கும் தரப்பைச் சேர்ந்த கிழவன். எங்கள் தரப்புக் குறையையும் கேளுங்கள். நாட்களை எண்ணுகிறோம் என்பது உண்மைதான். ஆனால் எங்களுக்கு வலிப்பது நாட்கள் குறைவது அல்ல. வந்த அன்றே மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, இரவு முழுவதும் அலுவலகக் கூட்டத்தில் பேசி, பகல் முழுவதும் உறங்குகிற பத்து நாட்களைவிட, வேறெங்கும் போகும் அவசரம் இல்லாத இரண்டு நாட்கள் எங்களுக்குப் போதும்.

பேத்தியின் மொழியைப் பற்றி வருந்தாதீர்கள், அம்மா. புரிந்துகொள்ளும் குழந்தையிடம் மொழி பாதிக்கு மேல் இருக்கிறது. பேசித்தான் ஆகவேண்டும் என்ற தேவை மட்டும் இல்லை. நீங்கள் பக்கத்தில் இருந்து மொழிபெயர்க்கும்வரை அந்தத் தேவை வரவே வராது. எழுந்து வேறு அறைக்குப் போய்விடுங்கள். எல்லோர் முன்னிலையிலும் "பேசு, பேசு" என்று தூண்டாதீர்கள். அவள் முதன்முதலில் வாய் திறக்கும்போது உச்சரிப்பைக் கேட்டு யாரும் சிரிக்கக்கூடாது என்று பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அன்புடன் சிரித்தாலும் குழந்தைக்கு அது சிரிப்புதான். என் பேத்தி இரண்டு வாரம் என்னிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. என் கைபேசியில் எழுத்துகள் சிறியதாகத் தெரிகின்றன என்று நான் ஒருநாள் புலம்பியபோது, வாங்கிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இங்கே அமுக்கு" என்றாள். மரியாதைப் பன்மை இல்லைதான், நான் திருத்தவில்லை.

பதில் 3

மேலே சொன்னவற்றில் விடுபட்டதைச் சுருக்கமாகச் சேர்க்கிறேன். "சொந்த ஊர்தானே" என்ற துணிச்சலில் பலர் பயணத்துக்கு முன் மருத்துவரைப் பார்ப்பதில்லை. அதனாலேயே பயண மருத்துவத்தில் உறவினரைப் பார்க்கச் செல்வோரைச் சுற்றுலாப் பயணிகளோடு சேர்க்காமல் தனிப் பிரிவாக வைத்திருக்கிறார்கள். மலேரியா உள்ள பகுதியில் வளர்ந்தவர்களுக்கு இருந்த ஓரளவு எதிர்ப்பாற்றல் வெளிநாட்டில் வாழும் ஆண்டுகளில் மங்கிவிடும். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அது தொடக்கத்திலிருந்தே கிடையாது. புறப்படுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் செல்லுங்கள். வெளிநாட்டுப் பயணம் செய்யும் 6 முதல் 11 மாதக் குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசியை முன்கூட்டியே ஒரு தவணை போடும்படி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பரிந்துரைக்கிறது. அது வழக்கமான கணக்கில் சேராது. ஒரு வயதுக்குப் பிறகு இரண்டு தவணைகளும் மீண்டும் போடவேண்டும். உங்கள் மகனைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள்.

கணவர் முன்னதாகத் திரும்புவதால், குழந்தைகளுடன் நீங்கள் மட்டும் பயணம் செய்ய அவருக்குச் சம்மதம் என்ற கடிதத்தைச் சான்றுறுதி செய்து கையில் வைத்திருங்கள். பல நாடுகள் கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாகவேண்டும் என்று கேட்கின்றன. பிள்ளைகளின் கடவுச்சீட்டு பெரும்பாலும் பெரியவர்களுடையதைவிடச் சீக்கிரம் காலாவதியாகும் என்பதால் மகளுடையதை இன்றே எடுத்துப் பாருங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. மகளின் கடவுச்சீட்டுக்கு இன்னும் நான்கு மாதம்தான் இருக்கிறது, புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டேன். மருத்துவரிடமும் நேரம் வாங்கியாயிற்று. பெரியப்பாவிடம் பேசியதில் பதினொன்று நான்காகக் குறைந்தது. மற்றவர்களிடம் தாமே சொல்லிவிடுவதாகச் சொன்னார்.

நேற்றைய அழைப்பின் நடுவில் நான் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டேன். வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு, "கையில் என்ன வைத்திருக்கிறாய்?" என்று அம்மா கேட்பது காதில் விழுந்தது. மறுபடியும் மௌனம். "பல்," என்றாள் மகள். "விழுந்தது."