புதுப்பிப்பு: பத்மினி காரின் தரையை வெட்டியாகிவிட்டது

மும்பை மாதுங்காவில் நிற்கும் எங்கள் பழைய பிரீமியர் பத்மினி காரின் ஓட்டுநர் காலடித் தகடு துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். மேலே ஃபைபர் ஒட்டினால் போதும் என்று சிலர் சொன்னீர்கள். மன்னிக்கவும், அது துருவுக்குப் போர்வை போர்த்துகிற வேலை.

விரிப்பை உரித்தால் ஓட்டை உள்ளங்கை அளவுதான். துருவோ கதவடி விளிம்புவரை போயிருந்தது. இந்த வண்டிக்குத் தனிச் சட்டகம் கிடையாது, தரையும் சேர்ந்துதான் பாரம் தாங்குகிறது. ஆகவே கதவு இடைவெளிகளை அளந்து, அடியில் முட்டுக் கொடுத்த பிறகே வெட்டினோம். பேட்டரி, பெட்ரோல் குழாய், இருக்கை எல்லாம் அதற்கு முன்பே வெளியே.

குர்லாவில் பட்டறை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சிதான் பற்றவைத்தார். “ஒரே இழுப்பாகப் பற்றவைத்தால் சூட்டில் தகடு நெளிந்துவிடும், தம்பி” என்றார். 1.2 மில்லிமீட்டர் தகட்டில் இங்கொன்று அங்கொன்றாகப் புள்ளி வைத்து, ஆறவிட்டு, பிறகு இடைவெளிகளை நிரப்பினார். பார்க்கப் பொறுமை வேண்டும்.

துருவைத் தடுக்கும் துத்தநாக ப்ரைமர், இணைப்புகளில் தண்ணீர் புகாமல் அடைக்கும் சீலர், அடியில் கறுப்புப் பூச்சு முடிந்தன. வடிகால் துளைகளை அடைக்கவில்லை. மும்பை மழையில் உள்ளே வரும் தண்ணீர் வெளியேற வழி வேண்டுமே. பயணி பக்கத் தரை இன்னும் பாக்கி.