சித்தப்பா கைதட்டிய இடம்

சனிக்கிழமை, இரவு 9:52

அம்மா: வெஸ்டர்ன் கச்சேரி முடிந்ததா?

நான்: முடிந்தது மா. விக்டோரியா ஹாலிலிருந்து கேவனா பாலம் வழியாக ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடக்கிறோம். சித்தப்பா மட்டும் பத்தடி முன்னால் போகிறார். கோபம்.

அம்மா: என்ன ஆயிற்று?

அண்ணன்: முதல் பகுதி முடிந்ததும் அவர் ஒருவர் மட்டும் கைதட்டினார். கூடவே ஒரு ‘பலே’. முன்வரிசைப் பாட்டி திரும்பி முறைத்தார்.

சித்தப்பா: அண்ணி, நீங்களே சொல்லுங்கள். மற்ற எல்லாரும் வில்லை இறக்கிவிட்டார்கள். அந்த வயலின் பையன் தனியாக அவ்வளவு வாசித்துவிட்டு வந்து சேர்ந்தான். தனி ஆவர்த்தனம் முடிந்தால் தட்டமாட்டோமா?

அண்ணன்: மூன்று பகுதியும் முடிந்த பிறகுதான் தட்ட வேண்டும் சித்தப்பா.

அத்தை: டேய், என் தம்பியை ஒன்றும் சொல்லாதே. மொசார்ட் காலத்தில் நடுவிலேயே தட்டுவார்கள். 1778-ல் பாரிஸில் அவருடைய சிம்பொனி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜனங்கள் தட்டினார்களாம். தன் அப்பாவுக்குச் சந்தோஷமாகக் கடிதம் போட்டிருக்கிறார். இந்த உம்மணாமூஞ்சி வழக்கமெல்லாம் பிற்பாடு வந்தது.

சித்தப்பா: நன்றி அக்கா.

அம்மா: பக்கத்தில் நடந்துகொண்டே ஏன் இங்கே எழுதிக்கொள்கிறீர்கள்? சரி, என்ன வாசித்தார்கள்?

நான்: மொசார்ட்டின் 5ஆம் வயலின் கான்செர்ட்டோ, ஏ மேஜர். ஒருவர் முன்னால் நின்று வயலின் வாசிக்க, ஆர்கெஸ்ட்ரா கூட வாசிக்கும். 1775-ல் எழுதியது, அப்போது அவருக்கு 19 வயது. சின்ன ஆர்கெஸ்ட்ராதான். நாகஸ்வரம் மாதிரி ஊதுகிற ஓபோ இரண்டு, இரண்டு ஹார்ன், மற்றதெல்லாம் தந்தி.

அத்தை: அந்தப் பையன் உள்ளே நுழைந்த இடம் இருக்கிறதே! எல்லாரும் விறுவிறுவென்று வாசித்து நிறுத்துகிறார்கள். இவனும் அதே வேகத்தில் பாய்வான் என்று பார்த்தால், ஆலாபனைக்கு உட்கார்ந்த மாதிரி நிதானமாக மேலே ஏறுகிறான். கீழே மற்ற வயலின்கள் முணுமுணுக்கின்றன. அப்புறம்தான் வேகம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நான்: அவர் நின்றுகொண்டே வாசித்ததைப் பார்த்து அத்தைக்குக் கணுக்கால் வலித்ததாம்.

அத்தை: பின்னே? நாற்பது வருஷமாகத் தரையில் உட்கார்ந்து, வயலின் தலையிலிருக்கும் சுருளைக் கணுக்காலில் ஊன்றி வாசிக்கிறவள் நான். நாங்கள் ச ப ச ப என்று சுருதி சேர்ப்போம், அவர்களுக்கு ஜி டி ஏ இ. கருவி என்னவோ ஒன்றுதான்.

அண்ணன்: கடைசிப் பகுதியில் துருக்கிப் பட்டாளம் மாதிரி ஒரு இடம் வந்ததே. செல்லோக்காரர்கள் வில்லைத் திருப்பி, கட்டையால் தந்தியை டொக் டொக்கென்று அடித்தார்கள்!

அத்தை: எங்கள் வாத்தியார் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

சித்தப்பா: அவர்கள் வில்லால் தட்டலாம். நான் கையால் தட்டக்கூடாது.

அம்மா: 😂 சாப்பாடு?

நான்: லிட்டில் இந்தியா தேக்காவில் இறங்கிப் பரோட்டா சாப்பிடலாம் என்கிறார் சித்தப்பா. கோபம் போன மாதிரி இருக்கிறது.

அம்மா: அப்படியானால் இட்லியை எடுத்து உள்ளே வைத்துவிடுகிறேன். எனக்கும் இரண்டு பரோட்டா கட்டி வாங்கி வாருங்கள். மீன் கறி தனியாக.