நம்ம குடும்பம் ⚓ தங்கச்சிமடம்

பெரியப்பா: ஞாயிறு சர்ச்சுல புதுநன்மை முடிஞ்சு வைக்கிற விருந்துக்கு அந்த சமையல் மாஸ்டர் வேணாம். வேற ஆள் பாருங்க

சின்ன மதினி: முன்பணம் குடுத்தாச்சே மாமா

பெரியப்பா: அவருக்கு எச்ஐவியாம். படகுத்துறைல பேசிக்கிட்டாக

சித்தி: யேசுவே! 200 பேரு சாப்பாடு

நர்ஸ் அத்தை: சோத்துல, கொழம்புல அது பரவாது. ஒரே டம்ளர்ல குடிச்சாலும் வராது. 1986ல மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல சுனிதி சாலமன்னு டாக்டரம்மா. நம்ம நாட்டுல ஏது இந்த நோய்னு எல்லாரும் சொன்ன காலம். அவுக மாணவி நிர்மலா, பாலியல் தொழில் செஞ்ச பொண்ணுககிட்ட ரத்தம் எடுத்து வீட்டு பிரிட்ஜுல வச்சிருந்து, ஐஸ் பெட்டியோட ராத்திரி ரயில்ல வேலூர் சிஎம்சிக்குக் கொண்டு போனாக. ஆறு பாசிட்டிவ். இந்தியாவுல மொதல்ல தெரிஞ்சதே அப்பத்தான்

பாம்பன் தம்பி: எங்க அம்மா பிரிட்ஜுல மீனே வைக்க விடாது 😂

சித்தி: நாறுதுல்ல

சின்ன மதினி: காய் நறுக்கையில கை வெட்டுப்பட்டா அத்தை?

நர்ஸ் அத்தை: யாரு ரத்தம் பட்டாலும் அந்தக் காயத் தூக்கித்தான் போடணும். கொதிக்கிற கொழம்புல கிருமி பொழைக்காது. ஒதுக்கி வச்ச ஆளுகளுக்காக சுனிதியம்மா 1993ல தனியா ஒரு மையமே தொடங்குனாக. பாசிட்டிவ் ஆளுகளுக்குள்ளயே வரன் பாத்துக் கல்யாணமும் முடிச்சு வச்சாக. 2015ல போய்ச் சேந்துட்டாக, அப்புறந்தான் பத்மஸ்ரீ

சித்தி: புண்ணியவதி. நம்ம பெரியவனுக்கு நாலு வருசமா ஒரு வரன் அமையல

பாம்பன் தம்பி: அம்மா இது குரூப்பு

பெரியப்பா: நீ படிச்சவ, பேசுவ. ஊரு வாய யாரு மூட

நர்ஸ் அத்தை: அவருக்கு இருக்கா இல்லையாங்குறதே நமக்கு வேண்டாத கத. நோயச் சொல்லி வேலைய விட்டுத் தூக்குறது 2017 சட்டப்படி தப்பு. அம்மாவோட முப்பதாம் நாளுக்கு சமைச்சது யாருண்ணே? மூணு தடவ ரசம் வாங்கிக் குடிச்சீக

சின்ன மதினி: 🤐

பாம்பன் தம்பி: மீன்பிடித் தடைக்காலம், சீலா மீனு கெடைக்காது. நாட்டுப்படகுல கணவா வந்தா எடுக்கவா?

சித்தி: வெல கேளு மொதல்ல. போன தடவ வல வாங்கக் குடுத்த காசே வரல

பாம்பன் தம்பி: அத இங்க பேசணுமா

பெரியப்பா: சரி, மாஸ்டர் வரட்டும். பரிமாறுறது மட்டும் நம்ம பயலுக

நர்ஸ் அத்தை: ஏன்?

பெரியப்பா: பாப்போம்

சின்ன மதினி: அப்ப மீதி 3000 யாரு குடுக்குறது?

பாம்பன் தம்பி: 👍

சின்ன மதினி: எதுக்கு 👍?