புதுப்பிப்பு: காலையில் பிடித்து உடனே அணையும் டீசல் இன்ஜின் – காரணம் கிடைத்தது

இரவு முழுக்க நின்ற இன்ஜின் காலையில் பிடித்து, சில நொடிகளில் அணைந்துவிடுகிறது, அப்புறம் வெகுநேரம் செல்ஃப் அடித்தால்தான் ஓடுகிறது என்று கேட்டிருந்தேன். க்ளோ பிளக்கை (குளிரில் பிடிக்க இன்ஜினுக்குள் சூடேற்றும் பிளக்) பார்க்கச் சொன்னீர்கள். பார்த்தேன், எல்லாமே 1 ஓம் அருகில்தான் காட்டின, அதாவது நன்றாகவே இருக்கின்றன. ஒருமுறை பிடிக்கிறது என்றாலே சூடு போதும், டீசல்தான் தொடர்ந்து வரவில்லை.

ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே கண்ணாடி போன்ற டியூபை மாட்டினேன். டீசலோடு சரம் சரமாகக் காற்றுக் குமிழ்கள்! ஃபில்டரின் அடியில், தண்ணீர் வடிக்கும் திருகின் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) இறுகி வெடித்திருந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அங்கே ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும்.

ஓ-ரிங்கை மாற்றி, கைப்பம்பால் அடித்துக் காற்றை வெளியேற்றினேன். இப்போது முதல் சுற்றிலேயே பிடிக்கிறது, காலையில் வந்துகொண்டிருந்த வெள்ளைப் புகையும் நின்றுவிட்டது.

காமன் ரெயில் இன்ஜின் (ஒரே பொதுக் குழாயில் உயர் அழுத்தத்தில் டீசலைத் தேக்கி எல்லா இன்ஜெக்டருக்கும் தரும் வகை) வைத்திருப்பவர்கள் தயவுசெய்து காற்றை வெளியேற்றுவதற்காக ஓடும்போது உயர் அழுத்தக் குழாயைத் தளர்த்த வேண்டாம். அழுத்தம் 1000 பாருக்கு மேலும் போகும், பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துவிடும்.